தலை தீபாவளிக்கு ஒரு ஜாய்ஸ்டிக்

ஆமாங்க, கம்பெனி சீல் ஸ்டிக்கரை நான்தான் பிரிச்சேன். ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள பார்த்தேன். இல்லைன்னு எப்போ சொன்னேன்? பார்த்தாத்தானே தெரியும், உள்ள என்ன லட்சணம்னு. சீல் பிரிச்சதை மாத்தித் தர மாட்டீங்கன்னா முதலாளி வரட்டும், அவர்கிட்டப் பேசிக்கறேன். சாப்பிடப் போன மனுஷன் வராமலா போயிடுவாரு? இங்கயே நிக்கறேன். எனக்கு என்ன, வேற வேலையா இருக்கு?

சார். சார், உங்களைத்தான். அந்தச் சிவப்பைக் கீழ வைங்க.

யாருக்கு, பையனுக்கா? ஆறாவது படிக்கறானா? அப்படின்னா கண்டிப்பா வைங்க. சின்னப் பையன் பாவம். இதோ பாருங்க, என் கையில இருக்கறதும் அதே சனியன்தான். சிவப்பு, ஓரத்துல தங்கக் கலர் பட்டை, அமுக்கினா நீலமும் பச்சையுமா லைட்டு. கல்யாண மண்டபத்து வாசலை உடைச்சுக் கையில கொடுத்த மாதிரி இருக்கா? இதை எங்க வீட்டுல தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குக் கொடுத்தாங்க. மாப்பிள்ளை தட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரு.

கவுண்டர்ல நிக்கற அண்ணன் முறைக்கறாரு. முறைங்கண்ணே. நீங்கதானே எங்கம்மாகிட்ட 'இதுதாம்மா நல்லாப் போகுது, தைரியமா எடுத்துட்டுப் போங்க'ன்னு சொன்னது? நல்லாத்தான் போகுது. நீங்க நேராத் தள்ளினா அது இடது பக்கமாப் போகுது.

கேலி இல்லை சார். கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, காட்டறேன். இந்த ரெண்டு குச்சி இருக்குல்ல, இதுதான் ஜாய்ஸ்டிக்கே. மிச்சமெல்லாம் அலங்காரம். குச்சியை ஒரு பக்கம் முழுசாத் தள்ளிட்டு விரலை எடுத்துடுங்க. டக்குன்னு நடுவுக்கு வந்து நிக்கணும். நிக்குதா? பாருங்க, தலையாட்டுது. இந்த ஆட்டம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். நீங்க தொடவே இல்லை, ஆனா கம்ப்யூட்டர் 'யாரோ இடது பக்கம் போகச் சொல்றாங்க'ன்னு நினைச்சுக்கும். ஸ்கிரீன்ல உங்க ஆளு தானா நடந்து போவான். குச்சி சரியில்லைன்னா எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனும் தோப்பான் சார். சாமியே வந்து உக்காந்தாலும் தோப்பாரு. இதை எழுதி வேணாலும் தரேன்.

என் பேரு பரணி. லால்குடி. அங்க எங்கப்பாவுக்கு மாவு மில்லு. ஸ்கூலா? பன்னெண்டாவது பாதியில வந்துட்டேன். ஏன்னு கேக்காதீங்க, ஊரே கேட்டாச்சு. பிடிக்கல. பிடிக்கலைன்னு வாயத் தொறந்து சொன்னேன், அதுதான் நான் செஞ்ச தப்பு. பிடிக்காமலே போய் உக்காந்திருக்கறவன் எல்லாம் நல்ல பையன். இப்போ காலையில மில்லு, மத்தியானத்துக்கு மேல கேம். கையெல்லாம் மாவு. என் ஜாய்ஸ்டிக் இடுக்குல எல்லாம் அரிசி மாவு. வாரம் ஒரு தடவை பிரிச்சு, பிரஷ் போட்டுத் தட்டி எடுத்துத் திரும்ப மாட்டுவேன். குச்சியை நானே புதுசு மாத்தினேன். பார்க்க அசிங்கமா இருக்கும், கைப்பிடியில இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கும். ஆனா எங்க நிக்கச் சொல்றேனோ அங்க நிக்கும்.

எங்க வீட்டுல எவரும் எனக்குன்னு ஒரு விஷயம் தெரியும்னு ஒத்துக்கிட்டது கிடையாது. இதைத் தவிர. அதுவும் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.

எங்க சுபா அக்காவுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம். மெட்ராஸ்ல இருக்கா. வீட்டுக்காரர் பேரு கோகுல்நாத், சாஃப்ட்வேரு. நான் கோகுல் மாமான்னு கூப்பிடுவேன். தீபாவளிக்கு முன்னாடி எங்கப்பா போன் போட்டாரு. மில்லு ஓடற சத்தத்துல காது கேக்காதுன்னு ஸ்பீக்கர்ல போட்டுட்டு, "மாப்பிள்ளை, தலை தீபாவளிக்கு மோதிரம் போடலாம்னு இருக்கோம், இல்லை வாட்ச்சுன்னாலும் சரி, உங்க பிரியம் என்னன்னு சொல்லணும்"னாரு. அப்பாவுக்கு மாப்பிள்ளைகிட்டப் பேசும்போது மட்டும் குரல் வேற மாதிரி ஆயிடும். எனக்கு அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும்.

அவரு, "அதெல்லாம் எதுக்கு மாமா. என் ஜாய்ஸ்டிக் உடைஞ்சு போச்சு. அது ஒண்ணு வாங்கிக் கொடுங்க, போதும். பரணிகிட்டச் சொல்லுங்க, அவனுக்கு நல்லாத் தெரியும். அவனுக்குத்தான் வேற வேலை இல்லையே"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு.

அப்பா சிரிச்சாரு. அம்மா சிரிச்சாங்க. மிளகாய் அரைக்க வந்த அம்மா ஒண்ணு நின்னுச்சு, அதுக்கு என்ன புரிஞ்சுதோ, அதுவும் சிரிச்சுது.

சரி, விடுங்க. வேலை வந்தது என்கிட்ட. அன்னைக்கே அக்கா எனக்குத் தனியாப் போன் பண்ணினா. "டேய் பரணி, அவரு யார்கிட்டயும் எதுவும் கேக்கற ஆளு இல்லைடா. கேட்டிருக்காரு. நல்லதாப் பார்த்து வாங்கு"ன்னா. வாங்கறேன், வயர் வச்சதா, வயர் இல்லாததான்னு கேட்டேன். அவ பாட்டுக்கு வேற என்னென்னமோ பேசறா. சாயங்காலம் வந்தா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துடறாராம். இவகிட்ட என்ன பேசறதுன்னு அவருக்குத் தெரியலையாம், அவருகிட்ட என்ன பேசறதுன்னு இவளுக்குத் தெரியலையாம். நம்ம ஊருக்குப் போயிட்டு வரலாம்னா, 'அங்க வந்து நான் யார்கூட என்ன பண்றது'ங்கறாராம். "உனக்கும் அவருக்கும்தாண்டா ஒரே பேச்சு. நீங்க ரெண்டு பேரும் உக்காந்து ஆடினீங்கன்னா அவருக்கு நம்ம வீட்டுல ஒரு பிடிப்பு வரும். பொங்கலுக்கும் வருவாரு. அவரு வந்தாத்தானே நான் வர முடியும்?"னா.

இதையெல்லாம் என்கிட்ட எதுக்கு சார் சொல்றா? நான் கேட்டது வயரு.

பஸ் ஏறி நான் இந்தக் கடைக்கு வந்தேன். ஒரு நாள் இல்லை, தினம் வந்தேன். இந்த அண்ணனையே கேளுங்க, என்னைப் பார்த்தாலே கம்ப்யூட்டரை ஆன் பண்ணிக் கொடுத்துடுவாரு, இல்லைன்னா என் வாய் ஓயாதுன்னு. இருக்கற ஜாய்ஸ்டிக் அத்தனையும் மாட்டிப் பார்த்தேன். நீங்களும் இதைச் செய்யணும் சார், டப்பா மேல போட்டிருக்கற படத்தை நம்பாதீங்க. டப்பாவுல ஆளு பல்லைக் கடிச்சுக்கிட்டு ரேஸ் ஓட்டுவான். அதுக்கும் உள்ள இருக்கறதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இன்டர்நெட்ல வீடியோ போடறானுங்களே, அவனுங்க அதைவிட மோசம். டப்பாவைத் தொறக்கறதுக்கே பாதி வீடியோ. 'வேற லெவல் நண்பா'ம்பான். எது வேற லெவலு? குச்சியை ஒரு தடவை தள்ளி விட்டுக் காட்டினானா? காட்ட மாட்டான். ஓசியில வாங்கியிருப்பான்.

ஒண்ணுல பட்டன் அமுக்கினா உள்ள சிக்கிக்கும். ஒண்ணு பிடிச்சா உள்ளங்கையில விளிம்பு குத்தும், வேர்த்தா வழுக்கும். வயர் இல்லாதது ஒண்ணு, நான் இப்போ உதைச்சா ஆளு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு உதைப்பான். அரசாங்க ஆபீஸ்ல கிளார்க்கு மாதிரி. இந்தச் சிவப்பையும் அப்பவே போட்டுப் பார்த்தேன். மாட்டின உடனே ஸ்கிரீன்ல ஆளு இடது பக்கம் நகர்ந்தான். தூரப் போடுன்னு வச்சுட்டேன். அப்பவே வச்சுட்டேன் சார், ஞாபகம் வச்சுக்கங்க. அப்புறம் எடுத்துட்டு வந்தது நான் இல்லை.

கடைசியா ஒண்ணு கிடைச்சுது. கறுப்பு. லைட்டு கிடையாது, பட்டை கிடையாது. பிடிச்சா பிடிச்சதே தெரியாது. குச்சிக்குள்ள உரசற சமாச்சாரமே இல்லை, காந்தத்துல வேலை செய்யறது, அதனால தேயவே தேயாது. கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளித் தள்ளி விட்டேன். நான் நினைக்கறதுக்கு முன்னாடி நடுவுல வந்து நிக்குது. கடையில அதுதான் கடைசிப் பீஸு. எனக்கே வச்சுக்கலாமான்னு தோணுச்சு. ஆனா வாங்கி, மாமாவுக்குன்னு கொண்டு போனேன். பஸ்ஸுல மடியிலயே வச்சுக்கிட்டுப் போனேன்.

வீட்டுல அம்மா டப்பாவைத் தொறந்தாங்க. தொறந்து, பல்லியைப் பார்த்த மாதிரி மூடிட்டாங்க.

"என்னடா இது, கறுப்பா இருக்கு?"

"ஜாய்ஸ்டிக் கறுப்பாத்தாம்மா இருக்கும்."

"தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைத் தட்டுல கறுப்பை வைப்பாங்களாடா? உனக்கு அறிவு இருக்கா?"

"ஏன், நீங்க ஆட்டற கிரைண்டர் கல்லு கறுப்பு. தின்னறோம்ல?"

"அது சமையக்கட்டு. இது சீர்த்தட்டு."

"மாமா தலைமுடியும் கறுப்புதான். வரும்போது மொட்டையடிச்சுட்டு வரச் சொல்லுங்க."

அதுக்கு ஒண்ணு விட்டாங்க முதுகுல. அப்பா வந்தாரு. அப்பாவாவது சொல்லுவாருன்னு பார்த்தேன். அவரு, "தட்டைப் போட்டோ எடுத்து சம்பந்தியம்மாவுக்கு அனுப்புவோம்ல பரணி. வேட்டி, சட்டை, பழம், பூவு, நடுவுல இப்படிக் கன்னங்கரேல்னு ஒண்ணு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"னாரு. நான் கேட்டேன், போட்டோவுக்கு வாங்கறோமா, ஆடறதுக்கு வாங்கறோமா? அதுக்குள்ள பெரியப்பா வேற வந்து உக்காந்தாரு. டப்பாவைக் கையில வாங்கித் தூக்கிப் பார்த்தாரு, பழக்கடையில தர்பூசணியைத் தூக்கற மாதிரி. "கனமே இல்லையேப்பா. ஏமாத்திட்டான் போல. நல்ல சாமான்னா கனக்கணும்"னாரு. அவரு பித்தளைப் பாத்திரம் வாங்கிப் பழகின ஆளு. ஜாய்ஸ்டிக்கு கனமா இருந்தா கை வலிக்கும் பெரியப்பான்னேன். "வயசுப் பையனுக்கு என்னடா கை வலி"ங்கறாரு.

மறுநாள் நான் மில்லுல இருக்கேன். அப்பாவும் அம்மாவும் ஜோடியா பஸ் ஏறி இங்க வந்து, கறுப்பைக் கொடுத்துட்டு, கடையில இருக்கறதுலயே மங்களகரமா எதுன்னு கேட்டு, இந்தச் சிவப்பை வாங்கிட்டு வந்துட்டாங்க. ஜாய்ஸ்டிக்குல மங்களகரம்! பெரியப்பா தூக்கிப் பார்த்தாரு. கனமா இருக்கு, இதுதான் சரக்குன்னாரு. நேத்துப் பிரிச்சேன்ல, உள்ள பார்த்தா சும்மா ஒரு இரும்புத் துண்டை ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கான். ஒரு வயரும் அதுக்குப் போகல. கனத்துக்கு வச்சிருக்கான். பெரியப்பா மாதிரி ஆளுங்களுக்குன்னே வச்சிருக்கான்.

நான் ஓடி வந்தேன் கடைக்கு, அன்னைக்கே. கறுப்பை எவனோ வாங்கிட்டுப் போயிட்டான்.

சரி, இந்தச் சிவப்பையாவது மாட்டிப் பார்க்கறேன், வேற பீஸாவது மாத்திட்டு வரேன்னு சொன்னா, அம்மா டப்பாவைத் தொட விடல. மாப்பிள்ளை கை படறதுக்கு முன்னாடி வேற கை படக்கூடாதாம். சாமி அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க. டப்பாவுக்குச் சந்தனம், குங்குமம். குத்துவிளக்குக்குப் பக்கத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டு ரேஸ் ஓட்டறவன், அவன் நெத்தியில பொட்டு.

தீபாவளி அன்னைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, புதுத்துணி கட்டிக்கிட்டு, மாமா தட்டை வாங்கினாரு. போட்டோ எடுத்தாங்க. சம்பந்தியம்மா உடனே போன்ல கும்பிடு பொம்மை அனுப்பிட்டாங்க, அம்மாவுக்கு உச்சி குளிர்ந்து போச்சு. மாமா டப்பாவைப் பிரிச்சாரு. வெளிய எடுத்தாரு. குச்சியை லேசாத் தள்ளி விட்டாரு. தெரிஞ்ச ஆளு சார். ஒரே தள்ளு, அவருக்குப் புரிஞ்சுடுச்சு. முகத்துல தெரிஞ்சுது. என்னைப் பார்த்தாரு.

"நீ பார்த்து வாங்கினதா பரணி?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அம்மா, "ஆமா மாப்பிள்ளை, அவன்தான் தினம் தினம் அலைஞ்சு, பார்த்துப் பார்த்து வாங்கினான்"னாங்க.

எப்படி இருக்கும் எனக்கு? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதுலயும் என் பேருல இந்தக் கருமத்தை எழுதி ஒட்டறாங்க. "நான் வாங்கல"ன்னேன். "நான் கறுப்பு வாங்கினேன். நல்லதுன்னா அது நல்லது. இவங்கதான் போட்டோவுக்கு நல்லா இல்லைன்னு மாத்திட்டாங்க. இது குப்பை"ன்னேன். சித்தி, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. ஒருத்தர் வாயிலயும் முறுக்குக் கடிபடல. அப்பா தரையைப் பார்க்கறாரு. அக்கா முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. உண்மையைச் சொன்னா இந்த வீட்டுல இப்படித்தான், எழவு விழுந்த மாதிரி ஆயிடும்.

மாமா என்ன செஞ்சாருன்னு நினைக்கறீங்க? சிரிச்சாரு. "இல்லை அத்தை, நல்லாத்தான் இருக்கு. கலர் சூப்பரா இருக்கு"ன்னாரு. அப்புறம் என்னைப் பார்த்து, "வா பரணி, உக்காரு, ஒரு மேட்ச் ஆடுவோம். எவ்வளவு நாளா உன்கூட ஆடணும்னு இருக்கேன்"னாரு.

அதுதான் சார் எனக்குத் தாங்கல. அம்மாவுக்குத் தெரியாது, பெரியப்பாவுக்குத் தெரியாது, அவங்களை விடுங்க. இவருக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நல்லா இருக்குன்னு சொல்றாரு. எவ்வளவு பொய்! இப்படிப் பொய் சொல்ற ஆளுக்கு எங்க வீட்டுல அத்தனை மரியாதை. எனக்கு வேற வேலை இல்லை.

கம்ப்யூட்டரை டிவியில மாட்டினேன். என் பழைய ஜாய்ஸ்டிக்கை எடுக்க உள்ள போனேன். அப்பா பின்னாடியே வந்தாரு. தோள்ல கை போட்டாரு. அவரு என் தோள்ல கை போட்டு வருஷம் ஆச்சு. "பரணி, தலை தீபாவளி. மாப்பிள்ளை மனசு கோணக்கூடாது. ஆட்டத்தை விட்டுக் கொடுத்துடு"ன்னாரு.

"வேணும்னே தோக்கச் சொல்றீங்களா?"

"விளையாட்டுதானேப்பா."

"அப்படின்னா நீங்க அரிசி மாவுல மைதாவைக் கலந்து கொடுங்க, மாவுதானேன்னு."

கையை எடுத்துட்டாரு. நான் பொய் ஆட்டம் ஆட மாட்டேன் சார். ஜெயிச்சா ஜெயிச்சது, தோத்தாத் தோத்தது. இதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க.

உக்காந்தோம். புட்பால் கேம். ஆளுக்கு ஒரு டீம். ஊரே சுத்தி உக்காந்திருக்கு, அதிரசத்தோட. ஆட்டம் ஆரம்பிச்ச உடனே மாமாவோட ஆளுங்க பந்தை விட்டுட்டு ஓரமா நடக்கறானுங்க, டீ குடிக்கப் போற மாதிரி. மாமா கட்டை விரலை அழுத்தி வலது பக்கமாவே பிடிச்சுப் பார்க்கறாரு. நேரா வருவான், விரல் கொஞ்சம் லூசானா மறுபடியும் டீக்கடைக்குப் போயிடுவான். நான் முதல் கோல் போட்டேன். அப்புறம் இன்னொண்ணு. அவரு ஒரு வார்த்தை சொல்லல, குச்சியைப் பத்தி. "நல்ல ஷாட்டுடா"ங்கறாரு. மூணாவது போட்டேன், நாலாவது போட்டேன். லைட்டு மட்டும் ஜோரா எரியுது, நீலம், பச்சை, நீலம், பச்சை.

பெரியப்பாவுக்கு உற்சாகம் வந்துடுச்சு. "என்ன மாப்பிள்ளை, சாஃப்ட்வேர்ல இருக்கீங்க, எங்க மாவு மில்லுப் பையன்கிட்ட இப்படி வாங்கறீங்க?"ன்னாரு. "படிச்சவங்களுக்கு வேலையே கம்ப்யூட்டர்ல, விளையாட்டு வராது போல"ன்னு சித்தி. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்குப் போன்ல சிரிச்சாங்கள்ல, அதே சிரிப்பு. இந்தத் தடவை அந்தப் பக்கம் பார்த்து. மாமா காது ரெண்டும் சிவந்து போச்சு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? மழை பெய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. திறமைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்? மில்லுல மாவு அரைச்சாலும் இருக்கும். அதை ஊர் பார்க்கட்டும்.

என்ன சிரிக்கறீங்க?

ஆமா, சொன்னேன். குச்சி சரியில்லைன்னா சாமியே தோப்பாருன்னு சொன்னேன். இல்லைன்னு சொல்லலையே. அது பொதுவாச் சொன்னது. இது வேற. நான் நல்ல ஜாய்ஸ்டிக்கு வச்சு ஆடினாலும் அவரை ஜெயிச்சிருப்பேன். இல்லை, அவரு கையில நல்லது இருந்தாலும்னு சொல்ல வந்தேன். ஜெயிச்சிருப்பேன். கண்டிப்பா.

அப்புறம் என்ன. ஆட்டம் முடிஞ்சுது. மாமா ஜாய்ஸ்டிக்கோட வயரை அழகாச் சுத்தி, டப்பாவுல வச்சு, டப்பாவைத் தட்டுல வச்சாரு. ரெண்டு நாள் இருக்கறதா வந்தவங்க. ஆபீஸ்ல அவசரமாக் கூப்பிடறாங்கன்னாரு. தீபாவளி அன்னைக்கு எந்த ஆபீஸு கூப்பிடும்? மறுபடியும் பொய். மத்தியானம் இலை போட்டுச் சாப்பிட்டாங்க, சாயங்காலம் பஸ் ஏறிட்டாங்க. அக்கா பையை அப்படியே எடுத்துக்கிட்டுப் போனா, பிரிக்கவே இல்லை அதை. அம்மா இப்போ தினம் போன்ல அக்காகிட்டப் பொங்கலுக்கு வர்றீங்கள்லன்னு கேக்கறாங்க. பார்க்கலாம்மாங்கறா. அவரு என்ன சொல்றாருன்னு கேட்டா, அவருகிட்டக் கேக்கலைம்மாங்கறா. அம்மா என்னைப் பார்க்கறாங்க, நான்தான் பஸ்ஸை ஏற்பாடு பண்ணி அனுப்பி வச்ச மாதிரி. நான் என்ன செஞ்சேன்? ஆடக் கூப்பிட்டது அவரு. நேர்மையா ஆடினது நானு. கறுப்பை மாத்தினது இவங்க.

அக்காவா? திட்டலை. அக்கா என்னைத் திட்டவே இல்லை சார். எல்லாரும் திட்டினாங்க, அவ ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்கு ஆட்டத்துக்கு நடுவுல வந்தா, அவ்வளவுதான். நாலாவது கோல் போட்டு, பெரியப்பா கத்திக்கிட்டு இருக்காரு. காபி டம்ளரை வைக்கற மாதிரி என் பக்கத்துல குனிஞ்சா. தோத்துடுன்னு சொல்லுவான்னு நினைச்சேன். அப்பாவுக்குச் சொன்னதையே இவளுக்கும் சொல்லணும்னு வாயில ரெடியா வச்சிருந்தேன்.

அவ அதைச் சொல்லல. "தோக்க வேணாம் பரணி"ன்னா. மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. "உன் கையில இருக்கறதை அவருகிட்டக் கொடுத்துட்டு, அவரோடதை நீ வாங்கிக்க. அப்புறம் நீ எப்படி வேணா ஆடுடா. எத்தனை கோல் வேணா போடு."

மாமாவுக்கு அது காதுல விழுந்துச்சோ என்னவோ, என் பக்கம் திரும்பினாரு. ஸ்கிரீன்ல அவரோட ஆளு பந்தை விட்டுட்டு ஓரமா நடந்துக்கிட்டு இருந்தான். என் ஆளு கால்ல பந்து, எதிர்ல யாரும் இல்லை.

நான் கொடுக்கல. அஞ்சாவது கோலைப் போட்டேன்.